வலது பக்கம் சாயும்போது

என் கண்ணு கமலாவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்தபோது எழுதியதில்லை. ஒரே தறியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு எதற்குக் கடிதம்?

சிரிக்காமல் கேள். நான் தாய் சி கற்றுக்கொள்கிறேன். சீனத்துச் சண்டைக்கலையாம். நாங்கள் செய்கிற வேகத்துக்கு ஒரு கொசுகூடச் சாகாது. காலையில் டவுன் பஸ் பிடித்துச் செவிலிமேடு போகிறேன். அங்கே ஒரு வீட்டு மொட்டை மாடியில் வகுப்பு. சொல்லிக்கொடுப்பது நம் மகள் செல்வி வயதுப் பெண். மனசும் உடம்பும் நிதானத்துக்கு வரும் என்கிறது.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்று கேட்பாய். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும் என்று உனக்கா சொல்லவேண்டும்? சேலை உடலுக்கு இழை ஓட்டும் உடல் நாடாவை நான் வலது பக்கம் தள்ளுவேன். நீ வலது ஓரத்தில் உட்கார்ந்து கரைக்கு இழை ஓட்டும் நாடாவை இந்தப் பக்கம் தள்ளுவாய். இரண்டு இழையும் கோத்துக்கொள்ளும். உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வேறு ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். உன் இடத்தில் இன்னொரு ஆளா? இரண்டு வேலையும் நானே பார்க்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். உன் நாடாவை எட்டிப் போட வலது பக்கம் சாய்ந்தேன். கண் இருட்டியது. நீ உட்காரும் பலகையில் போய் விழுந்தேன்.

அப்புறம் சாயும்போதெல்லாம் தலை சுற்றல்தான். டாக்டர் காதைப் பார்த்தார், ரத்தத்தைப் பார்த்தார், ஒரு குறையும் இல்லை என்றார். தறியைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சென்னைக்கு வந்துவிடு என்று செல்வி அழுதாள். தலை சுற்றல் நின்றால் தறி இருக்கட்டும், நிற்காவிட்டால் பிரித்துவிடலாம் என்று அவளோடு பேசி முடித்துத்தான் இதில் சேர்ந்தேன்.

அங்கே ஓர் அசைவு. மேகத்தைத் தள்ளுகிற மாதிரி கை இடமிருந்து வலம் போகவேண்டும், கூடவே உடம்பின் பாரமும் வலது காலுக்கு மாறவேண்டும். எல்லாருக்கும் போகிறது. என் கை மட்டும் வலது ஓரத்தில் நின்றுவிடுகிறது.

“நிக்காதீங்கய்யா. கை போய்க்கினே இருக்கணும்.”

நான் எங்கே நிறுத்துகிறேன்? அது தானாக நிற்கிறது. உடல் நாடா போய்ச் சேர்ந்ததும் உன் நாடா வரும்வரை காத்திருந்து பழகிய கை அது. நான் அவசரப்பட்டால் நீ விடுவாயா? “இன்னா மாமா, என்னை விட்டுட்டு எங்க ஓடற?” என்பாய்.

யார் யாரை விட்டுவிட்டு ஓடியது, கமலா?

போன வாரம் அந்தப் பெண் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டது. “யாருக்காகய்யா நிக்கறீங்க?” வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அத்தனை பேர் நடுவில் தரையில் உட்கார்ந்து அழுதேன். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட அப்படி அழவில்லை. ஆம்பிளை அழக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். இப்போது அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னை, தறியை, நீ தள்ளும் நாடாவை.

அது கேட்டு முடித்ததும் எல்லாரையும் மறுபடி முதலிலிருந்து செய்யச் சொன்னது. கைகள் வலது ஓரத்துக்குப் போனதும், “இங்க எல்லாரும் ஒரு மூச்சு நில்லுங்க. அப்புறம் போலாம்” என்றது.

நின்றார்கள் கமலா. பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், முழங்கால் வலிக்கார அம்மா, எல்லாரும் கையை நீட்டியபடி உனக்காக நின்றார்கள். நீ வரவில்லை. மூச்சு முடிந்தது. என் பாரம் வலது காலுக்குப் போனது. தலை சுற்றவில்லை. சுற்றியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

நாளைக்குத் தறியில் உட்காரப் போகிறேன். சேலை நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. உன் நாடாவை நானே போடுகிறேன், கரை கோணாமல். ஆனால் போடுவதற்கு முன்னால், ஒவ்வொரு இழைக்கும், ஒரு மூச்சு உனக்காக நிற்பேன். சேலை தாமதமாகட்டும், முதலாளி கத்தட்டும். உன்னை விட்டுவிட்டு ஓடமாட்டேன்.

உன் பலகையை எடுக்காமல் வைத்திருக்கும்
உன் மாமா