கழுத்துவலித் தலையணை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. இந்த வீட்டிலிருந்து விமானம் ஏறித்தான் வர முடிகிற தூரத்தில் இருக்கிறாய், நலமாகத்தான் இருப்பாய். மாமாவைக் கேட்டதாகச் சொல். உன் பிள்ளை எறும்பு இப்போதும் கண்ணில் பட்டதையெல்லாம் திறந்து பார்க்கிறானா? நாலு வயதானால் பிள்ளைகள் தானாக அடங்கிவிடுவார்கள் என்கிறாள் அம்மா. என்னை வளர்த்த பிறகும் ஒருத்தி இப்படி நம்புகிறாள் என்றால் அவளுக்கு மாலை போட்டு மரியாதை செய்ய வேண்டும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். வீட்டுப் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் உன்னோடு பேச வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து "ம்" கொட்டுவார். அம்மா "நாங்க எல்லாம் நல்லா இருக்கோம்" என்று வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் வாசிப்பாள். என் சொந்தப் போன் சிறையில் இருக்கிறது. எந்தச் சிறை, எதற்காக என்பதையெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன். விளையாட்டுக்கு எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

அப்பா வாங்கியது துப்பாக்கி என்பது உனக்குப் பிறகுதான் தெரிந்தது. "பாதுகாப்புக்கு ஒரு சாமான் வாங்கியிருக்கேன்" என்று அவர் சொன்னபோது நீ கேமரா என்று நினைத்து "நல்லதுப்பா" என்றாய். அந்த "நல்லதுப்பா"வை அவர் இன்னும் சான்றிதழ்போல் சுமந்துகொண்டு திரிகிறார். யார் கேட்டாலும், "எம்பொண்ணே சரின்னுட்டா" என்கிறார்.

யோசித்துப் பார். நம்முடையது மெத்தைக் கடை. ஒருவன் வந்து பூட்டை உடைத்து மேசை மின்விசிறியையும் சில்லறை டப்பாவையும் தூக்கிப்போனான். மெத்தையை அவன் தொடக்கூட இல்லை, தொழில் தெரிந்தவன். இரட்டைக் கட்டில் மெத்தையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனைப் பிடிக்கத் துப்பாக்கி எதற்கு? தெருமுனை தாண்டுவதற்குள் மூச்சு வாங்கி அதன் மேலேயே படுத்துவிடுவான். எழுப்பிக் காப்பி கொடுத்துக் கூட்டிவரலாம்.

இந்த ஞானத்தை அப்பாவுக்குள் ஏற்றியவர் டயர் கடைக்காரர். எல்லோரும் அவரைக் கமாண்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எந்தப் படையில் இருந்தார் என்று விசாரித்தேன். ஒரு கல்யாண மண்டபத்தில் வண்டி நிறுத்துகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சீருடை இருந்ததாம், விசிலும் கொடுத்தார்களாம். அவரோடு ஒரு பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை என்பதால் மூவரும் உள்ளே கூடி, விற்க வைத்திருக்கும் மெத்தைகளில் ஆளுக்கொன்றாகச் சாய்ந்துகொண்டு நாட்டைக் காப்பாற்றுகிறார்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிப்பதில்லை. அதனால் யாராவது ஆவேசமாக எழுந்தால் சரக் சரக்கென்று சத்தம் வரும். அவர்கள் புரட்சிக்கு அதுதான் பின்னணி இசை.

பேசுவதெல்லாம் புதுச் சட்டத்தைப் பற்றி. துப்பாக்கி வைத்திருப்பவர் இரும்புப் பெட்டி வாங்கிச் சுவரில் முடுக்கி, அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டுமாம். தோட்டாக்களை வேறு இடத்தில் தனியாக வைக்க வேண்டுமாம். கண் பரிசோதனைச் சான்றிதழும் தர வேண்டுமாம். கேட்டால் உனக்கும் எனக்கும் சாதாரணமாகத்தான் தோன்றும். இவர்களுக்குக் கழுத்தில் கத்தி வைத்த மாதிரி. "இன்னிக்குப் பெட்டிங்கறான், நாளைக்கு நம்ம கையையே பெட்டிக்குள்ள வைன்னுவான்" என்பார் கமாண்டர். "நம்மள நம்பலேன்னா எதுக்கு லைசென்ஸு?" என்பார் பல் டாக்டர். அப்பா இடுப்பைத் தடவிக்கொள்வார்.

அப்பாவின் கண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்தது யார் தெரியுமா? அதே பல் டாக்டர்தான். வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்துவிட்டு, பார்வை பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார். அலுவலகத்தில் அதை முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். அப்பாவோ மூக்குக்கண்ணாடி இல்லாமல் மிளகாய்த் தூளைக் காப்பித் தூள் என்று எடுக்கிற ஆள்.

இரும்புப் பெட்டியையும் முனகிக்கொண்டே வாங்கினார். கூடத்துச் சுவரில் மாட்டியதும்தான் அதன் அழகு தெரிந்தது. தடித்த கதவு, உள்பக்கம் பஞ்சு வேறு. வீட்டிலேயே பத்திரமான இடம் அதுதான் என்று எல்லோருக்கும் தோன்றிவிட்டது. அம்மா தன் வளையல்களை வைத்தாள். அப்பா கடைப் பத்திரங்களையும், சர்க்கரை நோய்க்காக டாக்டர் தொடவே கூடாது என்ற கிரீம் பிஸ்கட்டுகளையும் வைத்தார். ஆய்வு செய்ய ஒரு அதிகாரி வந்தார். பெட்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார், ஆடவில்லை. துப்பாக்கி எங்கே என்று கேட்டதற்கு அப்பா, சுத்தம் பண்ணக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, முதுகுவலிக்கு எந்த மெத்தை நல்லது என்று கேட்டார். அந்தப் பேச்சு மட்டும் வெகுநேரம் நடந்தது. சட்டம் நம் வீட்டில் ஒரு பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு, அவர்கள் மும்முரமாக இருந்தபோது காகிதப் பை ஒன்றை ஊதி, அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று படாரென்று உடைத்தேன். பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா? பல் டாக்டர் மெத்தையிலிருந்து உருண்டு விழுந்தார். கமாண்டர் கட்டிலுக்கடியில் புகுந்தார். அவர் தொப்பைக்கு அந்தச் சந்து எப்படிப் போதியது என்பது இன்றுவரை புரியவில்லை. அப்பா தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துப்பாக்கி ஞாபகம் ஒருவருக்கும் வரவில்லை. "பயப்படாதீங்க, பைதான்" என்றேன். தண்டனையாக என் போன் அந்த இரும்புப் பெட்டிக்குள் போயிற்று. "இந்த வயசுல பசங்க கையில இருக்கறதுலயே ஆபத்தானது போன்தான்டா" என்று சொல்லி அப்பா இரண்டு தடவை சாவியைத் திருப்பினார். ஆக, பெட்டிக்குள் வளையல், பிஸ்கட், என் போன். துப்பாக்கி?

அது இருந்த இடம் போன சனிக்கிழமைதான் தெரிந்தது.

அப்பா கடையிலிருந்து ஒரு கனமான தலையணை கொண்டுவந்திருந்தார். உறைக்கு ஜிப் உண்டு. கழுத்துவலிக்கென்றே விசேஷமாகச் செய்தது, வேறு யாரும் தலை வைத்தால் வடிவம் கெட்டுவிடும், தொடவே கூடாது என்றார். மெத்தைக் கடைக்காரர் தலையணையைப் பற்றிச் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? நாங்களும் தொடவில்லை. அம்மா அதைச் சுற்றிப் பெருக்கி, அதைச் சுற்றி விரிப்பு மாற்றி, ஏதோ தூங்குகிற குழந்தை மாதிரி நடத்தினாள்.

ஆனால் நீயும் எறும்பும் லீவுக்கு இங்கே வருகிறீர்கள் என்றதும் அம்மாவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் தலைச்சாயம் பட்டு அந்தத் தலையணை கரிச்சட்டி மாதிரி ஆகியிருந்தது. போன தடவை எறும்பு தாத்தா பக்கத்தில்தான் படுப்பேன் என்று அடம்பிடித்து, தாத்தா தலையணையைப் பிடுங்கித் தலைக்கு வைத்துக்கொண்டுதானே தூங்கினான்? "புள்ள மூஞ்சி வைக்கிற இடம்டா, அப்படியே போட்டு அலசிடறேன்" என்று சொல்லி, ஜிப்பைக்கூடத் திறக்காமல் முழுத் தலையணையையும் வாஷிங் மெஷினுக்குள் திணித்தாள்.

கொஞ்ச நேரத்தில் மெஷின் டொம் டொம் என்று அடிக்க ஆரம்பித்தது. பஞ்சு திரண்டுகொண்டுவிட்டது போலிருக்கிறது என்றாள் அம்மா. அப்பா பாதித் தலைக்குச் சாயம் பூசியபடி குளியலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன சத்தம் என்றார். "உங்க தலகாணிதாங்க" என்றாள் அம்மா.

அக்கா, ஒரு மனிதனின் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. சாயம் மட்டும்தான் கறுப்பாக மிச்சம் இருந்தது. "படுங்க! எல்லாரும் கீழ படுங்க!" என்று கத்திக்கொண்டே திரும்ப உள்ளே ஓடிக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டார். உள்ளிருந்து, "ஆஃப் பண்ணுடி! ஆஃப் பண்ணு! உள்ள துப்பாக்கி இருக்கு!" என்ற குரல் மட்டும் வந்தது.

குண்டு போட்டிருக்கிறதா என்று அம்மா கேட்டாள். உள்ளே தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, "போடாம வச்சா அதுக்குப் பேரு துப்பாக்கியாடி?" என்றார்.

அந்த மெஷின் சுவிட்சு மெஷினுக்கு நேர் பின்னால், சுவரில் இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். அதை நிறுத்த வேண்டுமென்றால் முன்னால் போய், குனிந்து, அதைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி கையை நீட்ட வேண்டும். நான் ஒரு அடி வைத்தேன். அம்மா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தள்ளினாள். அவளே போனாள். உள்ளே அது டொம் டொம் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது, அவள் வயிறு அந்தக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சுவிட்சை அணைத்தாள். அணைத்த பிறகும் உடனே கதவு திறக்கவில்லை. டிரம் நின்று, பூட்டு தானாக விடுபடும் வரை மெஷின் யாருக்கும் திறக்காது. பார், துணி துவைக்கிற இயந்திரத்துக்கு அவ்வளவு அறிவு இருக்கிறது. லைசென்ஸ் அதற்குக் கொடுத்திருக்கலாம்.

வெடிக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. அதுதான் பிரச்சினையே. ஏதாவது ஆகியிருந்தால் மெஷின் போயிருக்கும், அப்பாவுக்குப் புத்தி வந்திருக்கும். வெளியே வந்தவர், நனைந்த துப்பாக்கியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "பாத்தியா? தண்ணியில போட்டு அலசினாலும் அசையல. சரக்குன்னா இதான் சரக்கு" என்றார். மறுநாள் மெத்தைப் படையில் அவர்தான் வீரர். கமாண்டர் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார். குளியலறைத் தாழ்ப்பாளைப் பற்றி அங்கே பேச்சு எழவில்லை.

இப்படி நடந்தால் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதாமே என்று, பள்ளி விட்டதும் அந்த உரிம அலுவலகத்துக்கே போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் டிபன் டப்பாவை மூடாமலே என் கதையைக் கேட்டார். "புகார் குடுக்கணும்னா லைசென்ஸ் வச்சிருக்கவர் கையெழுத்து வேணும் தம்பி" என்றார். யார் மேல் புகாரோ அவரேவா கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். "ஆமா, அதானே முறை?" என்றார். மூன்று மெத்தைவாசிகள் இந்தச் சட்டத்தைப் பார்த்தா இவ்வளவு நடுங்குகிறார்கள்? பாவம், அதற்கு எழுந்து நிற்கவே தெம்பில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தலையணை ரகசியம் வெளியே வந்துவிட்டதால் அப்பா இடத்தை மாற்றிவிட்டார். புது இடம் அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கேட்டால், "எத்தன பேருக்குத் தெரியுதோ அத்தன ஆபத்து" என்று கமாண்டர் மாதிரிப் பேசுகிறார். அவர் இல்லாத நேரம் நான் செருப்பு ராக்கிலிருந்து டிவிக்குப் பின்புறம் வரை எல்லாம் துழாவிவிட்டேன். கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்கவில்லை என்பதில் ஆறுதல் இல்லை, அக்கா. நான் தேடியும் கிடைக்காததை உன் பிள்ளை தேடாமலே எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். அப்பாவோ "பேரன் வரட்டும், பிடிக்கவே கத்துக்குடுக்கறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

என் பேச்சை அவர் பைச் சத்தம் என்று நினைக்கிறார். அம்மா பேச்சு மெஷின் சத்தம். நீ சொன்னால்தான் கேட்பார். அந்தத் துப்பாக்கி வீட்டை விட்டுப் போனால்தான் பிள்ளையைக் கூட்டிவருவேன் என்று சொல். அவர் சிரித்து மழுப்புவார், பெட்டியைக் காட்டுவார், என் மேல் பழி போடுவார். மசியாதே. மசிந்துவிடுவாய் என்று தோன்றினால் டிக்கெட்டை ரத்து செய்துவிடு. நீ வரப்போகிறாய் என்று அறையை ஒழித்துவைத்தவன் நான்தான், நான்தான் இதையும் சொல்கிறேன்.

எறும்பின் கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளு. மெதுவாக.

உன் அன்புத் தம்பி

*

கண்ணு, அம்மா எழுதுகிறேன். ஒட்டுவதற்கு முன் இவனிடம் வாங்கிப் படித்தேன். பெற்ற அப்பாவை இப்படியெல்லாம் எழுதலாமா என்று திட்டினேன். தப்பானதை அடித்துவிடலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அடிப்பதற்கு ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது நான் வா வா என்றுதான் சொல்வேன். பக்கத்தில் அவர் இருப்பார். குழந்தையைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது என்றும் சொல்வேன், அது நிஜம். ஆனால் நான் கூப்பிட்டேன் என்று நீ வந்துவிடாதே, அம்மா. குழந்தையோடு நன்றாக இரு.