விறகுத்தொட்டித் தராசில் நுவார்

மூலக்குளம்,
10.7.1983

அன்பு மகன் வடிவேலுக்கு அப்பா கன்னியப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். வீட்டில் சுகமில்லாதவன் ஒருவன்தான். இந்தக் கடிதம் பெரும்பாலும் அவனைப் பற்றியது.

முதலில் உன் சமாச்சாரம். போட்டோ வந்து சேர்ந்தது. உன் அம்மா அதைச் சாமி அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். தொழிற்சாலை விலாசத்துக்கு எனக்குத் தனியாகப் போட்டிருந்த கடிதத்தையும் படித்தேன், படித்த கையோடு கிழித்துவிட்டேன். நீ கேட்டுக்கொண்டபடி பெய்ரூட், சண்டை என்ற பேச்சையே வீட்டில் எடுக்கவில்லை. அவளைப் பொறுத்தவரை உன் பிரெஞ்சுப் பட்டாளம் இன்னும் பிரான்சிலேயே ஏதோ ஒரு கடற்கரை ஊரில் இருக்கிறது. போட்டோவில் உன் பின்னால் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டாள். கடல் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க, நம் ஊரில் கல்லைக் கொட்டுகிறார்கள், அங்கே மூட்டை அடுக்குகிறார்கள் என்று சொன்னேன். தலையாட்டிக்கொண்டாள். நீயும் எழுதினால் அப்படியே எழுது. இரண்டு பேரும் இரண்டு விதமாகப் புளுகி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இனி நுவார். நீ வைத்த பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுவது நான் மட்டும்தான். உன் அம்மாவுக்கு அவன் கருப்பன். பிரெஞ்சில் நுவார் என்றாலும் கருப்புதான் என்று சொன்னேன். அப்படியானால் கருப்பன் என்றே வைத்திருக்கலாமே, எதற்கு வாய் சுளுக்கிக்கொள்ள வேண்டும் என்கிறாள்.

அந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது குட்டியை உன் கையில் கொடுத்து, கிரேட் டேன் ஜாதி நாய், வளர்ந்தால் கன்றுக்குட்டி போல இருக்கும் என்று சொன்னாரே, இப்போது உயரத்தில் மட்டும்தான் கன்றுக்குட்டி. தெருக்கோடியில் நின்றே விலா எலும்பை எண்ணிவிடலாம். சாப்பிடாமல் இல்லை. இரண்டு ஆள் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது ஆளின் தட்டைப் பார்க்கிறான். தின்றதெல்லாம் அப்படியே வெளியே போய்விடுகிறது. வெளுத்து, எண்ணெய் மினுமினுப்போடு, குவியல் குவியலாக. நாற்றம் பக்கத்து மனை வரை போகிறது. வயிறு நாள் முழுக்கக் கடமுடவென்று உருளுகிறது. மினுமினுப்பாக இருந்த தோல் பழைய கோணிச்சாக்கு போல ஆகிவிட்டது.

எதிர்வீட்டு ராஜாம்பாள் இதை ஏக்கம் என்கிறாள். நீ போன ஏக்கமாம். பால்காரர் பூச்சி என்றார், பூச்சி மருந்து கொடுத்தோம், பூச்சி ஒன்றும் வரவில்லை. வில்லியனூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், இந்த வீட்டில் நாயைப் பட்டினி போடுகிறார்கள் என்று என் காதுபடவே பேசுகிறார்கள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. அரிசி விற்கிற விலையில் இவனுக்குப் போடுவதை அவர்களுக்குப் போட்டால் அவர்கள் என் வீட்டிலேயே கட்டிப்போட்டது போல இருந்துவிடுவார்கள்.

கடைசியில் மாட்டாஸ்பத்திரி டாக்டர் தெய்வசிகாமணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடத்தித்தான். எந்த ரிக்‌ஷாக்காரனும் ஏற்றிக்கொள்ளவில்லை. டாக்டர் இளம் வயசுக்காரர், பொறுமையானவர். ஏக்கம், பூச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு அவன் மலத்தில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கரைத்து, பழைய எக்ஸ்ரே பிலிம் துண்டு ஒன்றின் மேல் ஊற்றி வைத்துவிட்டுப் போனார். நல்ல நாயாக இருந்தால் பிலிமின் மேல்பூச்சு கரைந்து அந்த இடம் தெளிந்துவிடுமாம். இவனுக்குக் கழுவிப் பார்த்தால் பிலிம் போட்டது போட்டபடி இருந்தது. கணையம் என்று வயிற்றுக்குள் ஓர் உறுப்பு உண்டாம், சாப்பாட்டைக் கரைக்கிற நீர் அதிலிருந்துதான் வரவேண்டுமாம். இவனுக்கு அது சுரப்பதே இல்லை. மூட்டை மூட்டையாகத் தின்றாலும் பட்டினிதான் என்றார். பஸ்ஸுக்கு நிற்பவர்கள் சொன்னது ஒருவகையில் சரிதான் போலிருக்கிறது.

இது தீருகிற வியாதி இல்லை, ஆனால் சமாளிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எப்படி என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடு. மூட்டைக்குப் பின்னாலேயே இரு.

இப்படிக்கு,
உன் அப்பா


மூலக்குளம்,
21.8.1983

அன்பு மகன் வடிவேலுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது.

நுவாரை ஊசி போட்டு முடித்துவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அங்கே தினமும் பார்ப்பதைப் பார்த்த பிறகு ஒரு ஜீவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சாவதை உன்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு நான்தானே படித்துக் காட்டுகிறேன், அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் படித்தேன். நீ என்ன பார்க்கிறாய் என்று நான் கேட்கவில்லை. ரேடியோவில் சொல்வதே போதும்.

டாக்டரிடம் நீ சொன்னதைச் சொன்னேன். புரட்டாசி முடியட்டும், அதற்குள் எடை ஏறாமல் இன்னும் இறங்கினால் அவரே ஊசி போட்டுவிடுவதாகச் சொன்னார். நாய் உன்னுடையது, அதனால் உன் பேச்சை நான் தட்டவில்லை. தவணை மட்டும்தான் கேட்கிறேன்.

எடை பார்ப்பது பெரிய கூத்து. இவனை நிறுக்க ஆஸ்பத்திரியில் தராசு கிடையாது. கோவிந்தசாமியின் விறகுத்தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், சங்கிலியில் தொங்குமே அந்தப் பெரிய தட்டு, அதில் உட்கார வைத்தோம். தட்டு அசைந்ததும் பயந்துபோய் என் தோளில் இரண்டு காலையும் போட்டுக்கொண்டான். என் எடையும் சேர்ந்துவிடும் என்று கோவிந்தசாமி சத்தம் போட, விறகு வாங்க வந்த பெண்களெல்லாம் சிரிக்க, ஒருவழியாக நிறுத்தோம். நாற்பத்திரண்டு கிலோ. நீ புறப்படும்போது அறுபதுக்கு மேல் இருந்தவன்.

வைத்தியம் இதுதான். அவனுக்கு இல்லாததை ஆட்டிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆட்டின் கணையத்தைப் பச்சையாக அரைத்துச் சோற்றில் பிசைந்து, கொஞ்ச நேரம் ஊறவைத்துப் போட வேண்டும். வேகவைத்தால் பிரயோஜனம் இல்லை. சோற்றைக் குழைய வடிக்க வேண்டும், ஒரேயடியாகப் போடாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை போட வேண்டும், தின்றதும் ஓடவிடக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், கொழுப்பு ஆகாது. நெய், எண்ணெய் எதுவும் ஒரு சொட்டுக்கூட அவன் வயிற்றுக்குள் போகக் கூடாது.

கறிக்கடைக் கண்ணையனிடம் போய்க் கணையம் வேண்டும் என்றால் அவருக்குப் புரியவில்லை. டாக்டர் படம் போட்டுக் கொடுத்ததைக் காட்டினேன். அட, குடல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமே வெளுத்த சதை, அதையா கேட்கிறீங்க, நாங்க கழித்துப் போடுவதாச்சே என்றார். இப்போது எனக்காக எடுத்து வைக்கிறார். கழிசல் வாங்க வருகிற ஒரே கிராக்கி நான்தான் என்று கேலி வேறு. அரைப்பதில் ஒரு சண்டை. என் அம்மியில் அந்தச் சனியனை வைத்தால் அந்த அம்மியோடு உங்களையும் தெருவில் வைத்துவிடுவேன் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். கொல்லையில் கிடந்த உடைந்த அம்மியைக் கழுவி நானே அரைக்கிறேன். மில்லில் அத்தனை வருஷம் நூலோடு மல்லுக்கட்டிய கை, இப்போது ஆட்டுச் சதையை அரைக்கிறது.

பலன் இருக்கிறது. மலம் கெட்டிப்பட்டது, கடமுடச் சத்தம் குறைந்தது. ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. வாரம் முழுக்க நன்றாக இருப்பவன் ஞாயிற்றுக்கிழமை வந்தால் பழையபடி ஊற்றித் தள்ளிவிடுகிறான். ஏறுகிற எடையெல்லாம் ஒரே நாளில் இறங்கிவிடுகிறது. மில்லில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் மெஷினைப் பார்ப்பதற்கு முன்னால் எந்த ஷிப்டில் அறுகிறது என்று பார்ப்போம். அப்படித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலியோரமாக எவனாவது எலும்பு போடுகிறானோ என்று சந்தேகம். கண்டுபிடித்தால் அவனுக்கு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். ஊசி சமாச்சாரம் புரட்டாசி வரைக்கும் என்னிடம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா


மூலக்குளம்,
9.10.1983

அன்பு மகன் வடிவேலுக்கு அப்பா எழுதுவது. போன கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. தபால் தாமதமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

எலும்பு போட்டவன் அகப்பட்டுவிட்டான். வேறு யாரும் இல்லை, உன் அம்மாதான். எலும்பும் இல்லை.

புரட்டாசி இரண்டாவது சனிக்கிழமை மேட்டுப்பாளையத்தில் நான் வாட்ச்மேனாக இருக்கிற தொழிற்சாலையில் கரண்ட் போய்விட்டது. மெஷின் ஓடவில்லை என்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாட்ச்மேனும் சீக்கிரமே வந்துவிட்டதால் நான் மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனால், உன் அம்மா சாமி அலமாரிக்கு முன்னால் நிற்கிறாள். கையில் தேங்காய் அளவுக்கு எள்ளுச்சோற்று உருண்டை. நல்லெண்ணெய் விரலிடுக்கில் வழிகிறது. அதை உன் போட்டோவுக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றி, நேராகக் கொல்லைக்குப் போய் நுவாரின் வாயில் கொடுத்தாள். அவன் ஒரே வாயாக விழுங்கினான்.

உனக்கு ஏழரைச் சனி என்று எந்த ஜோசியனோ சொல்லியிருக்கிறான். சனிக்கிழமைதோறும் எள்ளுச்சோறு சுற்றிக் கருப்பு நாய்க்குப் போட்டால் உனக்கு வருவதை நாய் வாங்கிக்கொள்ளுமாம். உன் போட்டோ வந்த வாரத்திலிருந்து நடக்கிறது. சனிக்கிழமை எனக்குப் பகல் ஷிப்டு என்பதால் நான் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. டாக்டர் ஒரு சொட்டு எண்ணெய் ஆகாது என்கிறார், நீ கை நிறையக் கொடுக்கிறாய், இந்த வாயில்லாத பிராணியைக் கொல்கிறாயா, சும்மா பட்டாளத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று கத்திவிட்டேன். அவள் கத்தவில்லை. உன் போட்டோவை எடுத்து என் முகத்துக்கு நேரே காட்டினாள்.

"கடல் தண்ணியத் தடுக்கறதுக்கு எவனாவது துப்பாக்கிய வச்சிக்கினு நிப்பானா? அங்க சண்ட நடக்குதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்களா?"

நீ மூட்டையைப் பற்றி எழுதினாய், நான் மூட்டையைப் பற்றிச் சொன்னேன், உன் கையில் இருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் தாங்கமாட்டேன் என்று என்னிடம் சொல்லவில்லையாம். மூன்று மாதமாக ஒரே வீட்டில் ஒருவருக்கொருவர் நாடகம் ஆடியிருக்கிறோம்.

நாயைப் பார், எலும்பும் தோலுமாக நிற்கிறதே என்றேன். அதற்கு அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இதுக்கு வந்தா பேதியோட போவும். அவனுக்கு வந்தா எப்படிப் போவும்?"

அடுத்த சனிக்கிழமை அவள் உருண்டை பிடிக்கவில்லை, நான் சொன்னதற்காக நிறுத்திவிட்டாள். ஆனால் அன்று முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மறுநாள் நுவார் கெட்டியாகப் போனான். ஞாயிற்றுக்கிழமையில் அப்படிப் போவது அதுதான் முதல் தடவை. நான் சந்தோஷமாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். இதுக்கு வரவேண்டியது வரலையே, அப்ப அது எங்க போச்சு என்று கேட்கிறாள். வடிவேலு, இதற்கு எந்த டாக்டர் பதில் சொல்லுவார்?

நேற்று மறுபடியும் சனிக்கிழமை. நான் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். புரட்டாசியில் ஆடு வெட்டுவது குறைவு, கண்ணையன் எப்படியோ ஒரு துண்டு தேடிக் கொடுத்திருந்தார். கொல்லையில் அதை அரைத்துச் சோற்றில் பிசைந்து ஊறவைத்தேன். கிண்ணத்தைத் தூக்கப் போகும்போது உன் அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் உன் போட்டோ. புரட்டாசிச் சனிக்கிழமையில் பச்சைக் கறியைச் சாமிக்கு முன்னால் கொண்டுபோக முடியாது என்பதால் உன்னைச் சாமியிடமிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்த உடைந்த அம்மிக்குப் பக்கத்தில், கவிச்சி வாடையில், விரதம் இருக்கிறவள் உன்னை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கிண்ணத்தைத் தொடமாட்டாள். நீங்க சுத்துங்க என்றாள்.

என்னை உனக்குத் தெரியும். கோயிலுக்குப் போனால் வாசலில் நின்று எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருக்கிறவன். மில் சங்கத்து மேடையில் சாமி, ஜோசியம் எல்லாவற்றையும் கிழித்தவன். சுற்றினேன். மூன்று சுற்று ஆனதும் போதும் என்றாள். போதுமா என்று எனக்குத் தோன்றவில்லை, இன்னொரு சுற்றும் சுற்றினேன். பிறகு நுவாரின் முன்னால் வைத்தேன். அவன் கிண்ணத்தை நக்கித் துடைத்துவிட்டு உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இன்று காலையில் அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. உன் அம்மாவும் அழவில்லை, இட்லி சாப்பிட்டாள். இனிமேல் சனிக்கிழமை இப்படித்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். ஷிப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

இன்று சாயங்காலம் விறகுத்தொட்டிக்குப் போனோம். இரண்டு கிலோ ஏறியிருக்கிறான். டாக்டரிடம் நாளைக்குச் சொல்வேன். ஊசி வேண்டாம். இது நான் உன்னிடம் கேட்பதில்லை, சொல்வது.

நேற்று கிண்ணத்தைச் சுற்றும்போதுதான் உன் போட்டோவை வெகு கிட்டத்தில் பார்த்தேன். மூட்டையைப் பார்த்தேன், துப்பாக்கியைப் பார்த்தேன், பிறகு உன்னைப் பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. கழுத்தில் சட்டை தொளதொளவென்று நிற்கிறது. இத்தனை மாதமாக நாயின் எலும்பை எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு இது கண்ணில் படவில்லை. அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையா, சாப்பிட நேரமே கிடைக்கவில்லையா? எதுவானாலும் எழுது. இனிமேல் அம்மாவுக்கும் சேர்த்தே எழுது, ஒளிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. எழுத முடியாவிட்டால் நுவார் எப்படி இருக்கிறான் என்று கேட்டு ஒரு வரி போடு, போதும். உன் கையெழுத்தாக இருந்தால் சரி.

லீவு கொடுத்த அன்றைக்கே புறப்பட்டு வந்துவிடப்பா. கோவிந்தசாமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நுவாரை இறக்கிவிட்டு அதே தட்டில் உன்னை உட்கார வைத்து நிறுக்க வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அப்பா, அம்மா