அழுக்கென்று நினைத்தேன்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கும் வேளாவேளைக்குப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. அம்மா போய் முப்பத்தெட்டு நாள் ஆகிறது. இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம், எனக்கும் சேர்த்து அவர்களே அழுதுவிட்டுப் போனார்கள்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் சொன்னால் பாதியிலேயே "சரி விடுக்கா" என்பாய். நானும் விட்டுவிடுவேன். இது விடுகிற விஷயம் இல்லை.

போன மாதம் நான் எழுதியது நினைவிருக்கும். அப்பாவால் இனிமேல் தனியாக இருக்க முடியாது, இத்தனை வருஷமும் அம்மாதான் எல்லாவற்றையும் செய்திருக்கிறாள் போல, இவருக்கு ஒரு வெந்நீர் வைக்கக்கூட வரவில்லை என்று எழுதினேன். அதை நம்பித்தான் நீ அந்த முதியோர் இல்லத்தில் இடம் சொல்லிவைத்தாய். இருபதாம் தேதி வண்டியோடு ஆள் வருகிறது. அப்பாவிடம் சொன்னேன். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். முப்பது வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து, நினைத்ததை யார் முகத்துக்கு நேராகவும் சொன்ன மனுஷர் அவர்.

நான் எழுதியது பொய் இல்லை. பார்த்ததைத்தான் எழுதினேன். ஏன் அப்படி ஆனது என்பது எனக்கே போன செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

என் கை சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். மனசு சரியில்லை என்றால் எனக்குத் துடைப்பம் வேண்டும். பரீட்சை முடிவு வருகிற நாளில் நான் உன் புத்தக அலமாரியைக் கழுவி, உன் நோட்டெல்லாம் நனைந்து, நீ வீட்டை இரண்டாக்கினாயே, அதே வியாதிதான். அம்மா போன மூன்றாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிப் போனதும் சமையலறைக்குள் நுழைந்தேன். அம்மா இருந்தவரை அங்கே நம்மை எங்கே விட்டாள்? "ரெண்டு நாள் இருக்க வந்திருக்க, போய் உக்காரு" என்று விரட்டிவிடுவாள்.

உள்ளே போய்ப் பார்த்தால் நீ வாங்கிக் கொடுத்த மின் அடுப்பில், அந்த வழவழப்பான கண்ணாடி முழுக்கச் சிவப்பாக ஏதோ சொட்டுச் சொட்டாகக் காய்ந்து கிடந்தது. குழம்பு தெறித்துக் காய்ந்ததாக்கும் என்று நினைத்தேன். துடைத்தால் போகவில்லை. வாஷிங் மெஷினிலும் இருந்தது, மைக்ரோவேவிலும் இருந்தது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, முன்னைப் போலத் துடைக்க முடியவில்லை பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பழைய சவர பிளேடு வைத்திருந்தார். அதை எடுத்து ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். காலையில் தொடங்கி மதியம் வரை ஆனது. எல்லாம் பளபளவென்று ஆகிவிட்டது. கடையில் இருந்து இறக்கியது மாதிரி இருக்கிறது என்று அப்பாவிடம் பெருமை வேறு பேசினேன். அவர் பக்கத்து அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு எழுதியது எல்லாம். அடுப்புக்கு முன்னால் நின்று கையை நீட்டுவார், அது பீப் என்று கத்தும், கையை இழுத்துக்கொள்வார். வெறும் பிரெட்டைத் தண்ணீரில் தொட்டுத் தின்றார். வாஷிங் மெஷினில் போட்ட சட்டையைச் சொட்டச் சொட்ட எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். அம்மா போன அதிர்ச்சியில் புத்தி மங்கிவிட்டது என்று நான் முடிவு கட்டினேன். நான் செய்துகொடுத்தால் சாப்பிடுவார். ஒன்றும் கேட்கமாட்டார்.

செவ்வாய்க்கிழமை டிவி ரிமோட்டைத் துடைக்க எடுத்தேன். அது பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் அன்று கண்ணில் படவில்லை. உறையைக் கழற்றினால் மேல் பொத்தானில் அதே சிவப்புச் சொட்டு. பிளேடை வைத்து முதல் கீறல் கீறியதும் அப்பா எழுந்து வந்து, தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அத மட்டும் விட்டுடும்மா" என்றார்.

என்னப்பா இது என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அழுக்கு இல்லையாம். நகப் பூச்சாம். கண் போன இந்தப் பதினொரு வருஷத்தில் வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் முதல் வேலையாக அம்மா அதில் புள்ளி வைப்பாளாம். துவக்க ஒன்று, நிறுத்த இரண்டு, சூட்டைக் கூட்ட ஒரு நீளக் கோடு. ஒரு பூச்சுக் காய்ந்ததும் அதன் மேல் இன்னொன்று, விரலுக்குத் தட்டுப்படுகிற வரை. நகப் பூச்சே போடாத அம்மாவின் மேசை இழுப்பறையில் ஒன்பது காலிப் புட்டி இருந்தது. இதெல்லாம் எதற்கு என்று சிரித்துக்கொண்டே குப்பையில் போட்டவள் நான்.

அம்மா எல்லாவற்றையும் செய்யவில்லை, தம்பி. காலைத் தேநீர் பதினொரு வருஷமாக அப்பா போட்டதாம். துணி துவைப்பது அவர் முறை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்தபிறகு பாதிச் சமையலும் அவர்தான். நாம் வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து போனதால் நமக்குத் தெரியவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

நான் சுரண்டும்போதே ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். எனக்கு அதுதான் ஆறவில்லை.

"சத்தம் கேட்டுச்சு. நீ அழவே இல்ல, சொரண்டிட்டே இருந்த. அழறதுக்குப் பதிலா இதையாவது செய்றாளேன்னு விட்டுட்டேன். அப்புறம் சொன்னா நீ நொந்துபோவேன்னு சொல்லல" என்றார்.

மூன்று மணி நேரம், தம்பி. பிளேடு கண்ணாடியில் கீச்சுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எந்தப் புள்ளி போகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாளே கடைக்குப் போய் நகப் பூச்சு வாங்கி வந்தேன். கடைக்காரப் பெண், உங்க நிறத்துக்கு இது எடுக்கும் ஆன்ட்டி என்று வெளிர் ரோஜா நிறத்தைக் காட்டினாள். அடுப்புக்கு எது எடுக்கும் என்று கேட்டேன், விழித்தாள். வீட்டுக்கு வந்து பொத்தான் மேலேயே புள்ளி வைத்தேன். அப்பா தொட்டதுமே அடுப்பு சூடாகத் தொடங்கிவிட்டது. அதில் பொத்தான் என்று ஒன்று இல்லையே, வெறும் கண்ணாடிதானே. தேடுகிற விரலே அமுக்கிவிடுகிறது. அதனால் அம்மா பொத்தானுக்கு ஒரு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வைத்திருந்தாள் என்று அப்பா சொன்னார். விரல் புள்ளியில் நின்று நிதானித்து, அப்புறம் வலப்பக்கம் நகர்ந்து தொட வேண்டும். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? அத்தனையையும் சுரண்டி மறுபடி வைத்தேன். நேற்றுக் காலை அப்பா தேநீர் போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குடித்தேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அடுப்புக்கும் மெஷினுக்கும் இந்த மாதிரிக் கண்ணாடிப் பலகையை வடிவமைக்கிற வேலைதான் உன் வேலை என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறோம். இந்த அடுப்பு வந்த அன்று அம்மா உனக்குப் போன் செய்து, வழவழன்னு அழகா இருக்குடா என்றாளாம். போனை வைத்துவிட்டு நேரே நகப் பூச்சு வாங்கப் போனாளாம். உன் மனசு நோகும் என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்பா நேற்றுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லிப்ட்ல எந்தக் காலத்துலயோ மேடா நம்பர் வெச்சோம். அடுப்புல வெக்க என்னவாம்?" மேடு வைத்தால் அழகு கெடும், மேலே ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று நீ ஒருமுறை சொன்னாய். ஒருமுறையாவது கேட்டுப் பார். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு சத்தமாவது வை. எல்லாவற்றுக்கும் ஒரே பீப் என்றால் அது பற்றியதா அணைந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்?

என் விடுப்பு இருபத்தைந்தாம் தேதியோடு முடிகிறது. பள்ளிக்கூட அலுவலகத்தில் இதற்கு மேல் கேட்க முடியாது. உன் அத்தானும் அங்கே ஓட்டல் சாப்பாட்டில்தான் காலம் தள்ளுகிறார். நான் கிளம்பினால் அப்பா இந்த வீட்டிலேயே இருப்பார். அவரால் முடியும். நான் வருவதற்கு முன்னால் முடிந்ததுதான்.

அந்த ரிமோட் பற்றி ஒன்று சொல்ல விட்டுப்போனது. மேல் பொத்தான் தானாகவே மேடாகத்தான் இருக்கிறது, அதற்குப் புள்ளியே தேவையில்லை. பிறகு அதை மட்டும் ஏன் விடச் சொன்னார் என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். காய்வதற்கு முன்னால் அம்மா கட்டைவிரலை வைத்துவிட்டாள் போல. ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. நான் கீறிய கீறல் ஓரத்தில்தான் விழுந்திருக்கிறது. அப்பா டிவி போடாமலே அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

எல்லாப் புள்ளியும் வைத்துவிட்டேன், மைக்ரோவேவில் ஒன்றைத் தவிர. அது உனக்கு. மீதிப் பூச்சு புட்டியில் இருக்கிறது, மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும், கண்ணும் கையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். இருபதாம் தேதி ஆளை அனுப்பாதே. நீ வா. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. நீ வந்தால் வரும் போலிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அக்கா