தேவையற்ற டேக்குகள்

மார்ச் 3
அக்காவுக்குத் தொண்டையில் கட்டி. பத்தொன்பதாம் தேதி ஆபரேஷன். குரல் மாறினாலும் மாறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தன் மகளைத் தூங்க வைக்க அவளே கட்டிய பாட்டை அதற்குள் பதிவு செய்து தர வேண்டுமாம். "அந்த ரெக்கார்டிங் மெஷினோடதான குடும்பம் நடத்துற, ஒரு நாள் எனக்காக நடத்து" என்றாள்.

மார்ச் 8
ஜன்னலுக்குப் போர்வை. அலமாரியைத் திறந்து, தொங்கும் துணிகளுக்கு எதிரே அக்காவை நிறுத்தினேன். முதல் ட்ராக்கில் என் கிடார், இரண்டாவதில் அவள் குரல். முதல் தடவையே முழுசாகப் பாடினாள். நடுவில் ஒரு வரி மறந்து சிரித்துவிட்டாள். கிடார் மைக்கிலும் அவள் குரல் விழுந்துவிட்டது. அந்தக் கிடார் பதிவை ஒதுக்கிவிட்டு, பிறகு கிடாரைத் தனியாக வாசித்துக்கொண்டேன்.

ஒவ்வொரு தடவை பதிவதும் ஒரு டேக்; ஒரு ட்ராக்குக்கு அடியில் எத்தனை டேக் வேண்டுமானாலும் ஒளித்து வைக்கலாம், கேட்பது ஒன்றுதான். அந்த வசதி தலைக்கேறிவிட்டது. பதினோரு தடவை பாட வைத்தேன்.

மார்ச் 12
ஏழாவது டேக்கிலிருந்து இரண்டு வரி, ஒன்பதிலிருந்து ஒரு சொல், மீதி பதினொன்றிலிருந்து. மூச்சு விடும் சத்தத்தையெல்லாம் வெட்டி எடுத்தேன். ஒரு பிசிறு இல்லை. குரல் ட்ராக்கில் 'தேவையற்ற டேக்குகளை நீக்கவா?' என்று மெஷின் கேட்டது. இடம் வேண்டுமே. ஆமாம் என்று அழுத்தினேன்.

மார்ச் 19
ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஏப்ரல் 6
அக்காவின் குரல் கரகரவென்று இருக்கிறது. மேலே போனால் காற்றுதான் வருகிறது. பழையபடி வருமா என்று டாக்டருக்கே தெரியவில்லை.

பாட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லாருக்குடா. யாரு பாடுறது?"

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

"நான் நடுவுல சிரிச்சேனே, அதப் போடு."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். "சரி விடு" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 7
எதுக்குடா அழுத்தின? யாரு கேட்டா உன்கிட்ட பிசிறில்லாத பாட்டு — அவ கேட்டாளா?

ஏப்ரல் 15
கிடார் ட்ராக்கை நான் சுத்தம் செய்யவே இல்லை. இன்றுதான் உறைத்தது. அடியில் அந்த முதல் டேக் கிடந்தது. என் கிடார் காதைப் பிளக்கிறது. அதற்குப் பின்னால், எங்கேயோ தூரத்தில் அக்கா. பாதிச் சொற்கள் விளங்கவில்லை. சிரிப்பு மட்டும் தெளிவாக இருக்கிறது.

பாட்டு முடிந்ததும் மைக்குக்குப் பக்கத்திலேயே என் குரல்: "இன்னொரு தடவை, அக்கா."

"தொண்டை வலிக்குதுடா" என்கிறாள் அவள்.

அவள் அப்படிச் சொன்னது எனக்கு நினைவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 16
அதை அப்படியே அக்காவிடம் கொடுத்துவிட்டேன், என் குரலையும் வெட்டாமல்.

செப்டம்பர் 2
அக்கா தானாகவே வந்தாள். சுருதியை இரண்டு கட்டை இறக்கி, கரகரத்த குரலில் பாடினாள். அதே வரியை மறந்தாள், அதே இடத்தில் சிரித்தாள்.

"தப்பாப் போச்சு. இன்னொரு தடவை பாடவா?"

மெஷினை நிறுத்திவிட்டு, அவளுக்கு வெந்நீர் எடுத்துவரப் போனேன்.