மலையேறுன மயக்கம் என்று சொன்னது நான்

அக்கா, இன்றைக்குக் காலையில் பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் எலுமிச்சம்பழத்தைக் கீறி மோந்துகொண்டே வந்தாள். குன்னூர் வளைவுகளில் யார்தான் மோக்காமல் வருகிறார்கள்! எனக்கு மட்டும் அந்த வாசனையோடு உட்கார முடியவில்லை. இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன்.

எத்தனையோ வருடத்துக்கு முன்னால், அன்றைக்கு சீசன் கூட்டம். ஊட்டிப் பூங்காவில் நீங்களும் நானும் ராட்டினத்துக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தோம். கீழே சமவெளியிலிருந்து வந்த ஒருவர், மனைவியையும் மகளையும் வரிசையில் விட்டுவிட்டு நம் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. நீங்கள் என் காதோடு, "இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குதே கண்ணு, டாக்டருகிட்ட அனுப்பிரலாம்" என்றீர்கள்.

நான் கேட்டேனா? எல்லாம் தெரிந்த மேதாவி அல்லவா! "அட விடுங்க்கா, மலையேறுன மயக்கம். தெனமும் பாக்கறமே" என்று அவர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தேன். தயங்கி நின்ற மனைவியிடம், "ஒண்ணுமில்லீங்க, பாப்பாவக் கூட்டிட்டு ஏறுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று சொன்னதும் நான்தான். மலையில் இருப்பவர்களுக்கு வரும் திமிர் அது. கீழேயிருந்து வருகிற எவர் முகம் வெளுத்தாலும் நமக்கு வளைவும் வாந்தியும்தான் ஞாபகம் வரும்.

ராட்டினம் உச்சிக்குப் போனபோது அவர் பெஞ்சிலிருந்து சரிந்தார். மேலிருந்து அந்த அம்மா கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. அவர்கள் இறங்குவதற்குள் நீங்கள் அவர் தலையை மடியில் தாங்கிக்கொண்டு வேனுக்கு ஆள் அனுப்பிவிட்டீர்கள். நான் மரமாக நின்றேன். மாரடைப்பு, வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள்.

சாயங்காலம் அவருடைய மைத்துனர் மேனேஜரோடு வந்தார். "ஒண்ணுமில்லைன்னு சொன்னது யாருங்க?"

"நான்தானுங்க" என்றீர்கள்.

அன்றே உங்களை வேலையை விட்டு அனுப்பினார்கள். "நீ கைப்பிள்ளக்காரி. எனக்கு எஸ்டேட்டுல கொழுந்து பறிக்கற வேல இருக்குது, வாயத் தொறக்காத" என்று என் கையை அழுத்திவிட்டுப் போனீர்கள். நானும் திறக்கவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி பலகாரத்தோடு உங்கள் எஸ்டேட் லைன் வீட்டுக்கு வந்து, அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிட்டுப் போனேன். வெட்கங்கெட்டவள்.

போன மாதம் உங்கள் பதினாறாம் நாள் காரியத்தில் உங்கள் மகள் என்னைத் தனியே கூப்பிட்டாள். "அம்மா வாயால ஒரு உசுரு போச்சுன்னு லைன்ல இன்னும் பேசறாங்க. நெசமா சித்தி?"

"இல்ல சாமி, சொன்னது நான். உங்கம்மா அனுப்பிரலாம்னுதான் சொன்னாங்க."

என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாள்.

"சண்டை வரும்போதெல்லாம் நானே அதச் சொல்லிக் குத்தியிருக்கேனே சித்தி. ஒரு தடவகூட அம்மா இல்லைன்னு சொல்லலியே."

அக்கா, எனக்காக நீங்கள் வேலையை மட்டும்தான் விட்டீர்கள் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.