பின் அடித்த கடைசி அத்தியாயம்

இந்தக் கர்க்கடக மாதத்து ஆடி மழையில் எங்கள் வீட்டுப் புத்தக அலமாரியில் பூசணம் பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் எடுத்து மின்விசிறிக்குக் கீழே பரப்பச் சொன்னாள் அம்மா. நாம் மாறி மாறி வாசித்த அந்த நாவலின் மூன்றாம் பாகத்தை எடுத்தபோது துரு வாசனை அடித்தது. கடைசி அத்தியாயத்தைத் திறக்க முடியாதபடி தாள்களைச் சேர்த்து அடித்திருந்த மூன்று ஸ்டேப்ளர் பின்களும் துருவேறி, காகிதத்தில் பழுப்பாய் இறங்கியிருந்தன. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் அந்தப் பின்களை நான் தொடவில்லை. சேர்ந்து வாசிப்பதாகத்தானே நம் பேச்சு.

பின் அடிக்கும் வழக்கம் வந்ததற்கு என் வாய்தான் காரணம். ஒன்பதாம் வகுப்பில், பாளையத்துப் பழைய புத்தகக் கடையில் முதல் பாகம் கிடைத்தது. ஒரே பிரதி, ஒரு நாள் உன் வீட்டில், ஒரு நாள் என் வீட்டில். முந்தி முடித்த நான், பள்ளிக்கூட பஸ்ஸில் வைத்து, கதாநாயகியின் அண்ணன் செத்துப்போவான் என்று உளறிவிட்டேன். இரண்டு நாள் நீ பேசவில்லை. மூன்றாம் நாள் உன் அப்பாவின் ஆபீஸ் ஸ்டேப்ளரோடு வந்தாய்.

"உன் வாய்க்குத்தான் பின் அடிக்கணும். பாவமேன்னு புத்தகத்துக்கு அடிக்கேன், கேட்டியாடீ?"

அதன் பிறகு எந்தப் பாகமானாலும் கடைசி அத்தியாயத்தில் மூன்று பின் அடிப்பாய். இருவரும் அதுவரை வந்து சேர்ந்ததும் நூலகத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நீ நகத்தால் பின்னை நெம்ப, தோளோடு தோள் ஒட்டி வாசிப்போம்.

கதை இதுதான்: கடல் ஏறி மூழ்கிய நகரம். எல்லோரும் உயரமான கட்டடங்களில் இருக்கிறார்கள். யார் எந்த மாடியில் இருப்பது என்பதை அரசாங்கம் முடிவு செய்யும். மூன்றாம் மாடி ஈரத்தில் கிடக்கும் கதாநாயகிக்காக, நாற்பதாம் மாடி அதிகாரி மகனும் படகோட்டும் ஒருவனும் உருகுவார்கள். நம் வகுப்பில் பாதிப் பேர் இந்த மாதிரிக் கதைகளோடுதான் திரிந்தார்கள். எனக்கோ முதலிலிருந்தே சந்தேகம். உலகம் அழியும்போது மட்டும் பையன்கள் எல்லோரும் எப்படி அழகாகிவிடுகிறார்கள்? எந்நேரமும் நனைகிறாளே, ஒரு ஜலதோஷம்கூட வராதா? சந்தேகம் வந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவேன். நீ பிடித்த வரிக்கு நட்சத்திரம் போடுவாய்.

"நீ கதை வாசிக்கியா, கேஸ் விசாரிக்கியா?"

"ஒரு மழைக்கே நம்ம தம்பானூர் முங்கிப்போகுது. எந்தப் படகுக்காரன்டீ வந்தான் நமக்கு? ஆட்டோகூட வரல்லை."

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாய்.

படகோட்டி அவளிடம் முதலில் பேசும் இடத்தில் நீ மூன்று நட்சத்திரம் போட்டிருந்தாய். "அடுத்த மாதம் உன் மாடியும் மூழ்கும். உன்னிடம் யாரும் சொல்லமாட்டார்கள். அதனால் நான் சொல்கிறேன்" என்கிறான். பார்த்த ஐந்தாம் நிமிடத்தில் யார் இப்படிப் பேசுவார்கள் என்று நான் கேள்விக்குறி போட்டேன். அவனுடைய ஈரச் சட்டைக்காகத்தான் உனக்கு அவனைப் பிடிக்கிறது என்று கேலியும் செய்தேன். நீ அந்த நட்சத்திரங்களை இன்னும் அழுத்தி வரைந்தாய்.

பிறகு உன் தலைவலி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது. "சின்ன ஆபரேஷன்தான்" என்றார்கள் எல்லோரும். நீ மொட்டைத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்தாய்.

"இங்க எல்லாரும் சிரிச்சுக்கிட்டே வாராங்க. நம்ம கதையில எல்லாரும் சிரிச்சா என்ன அர்த்தம்?"

"உனக்கு வட்டுப் பிடிச்சிருக்கு" என்றேன்.

"நீ எனக்கிட்ட பொய் சொல்லமாட்டே, அல்லே?"

டாக்டர் கைவிரித்துவிட்டதை முந்தின நாள் இரவே அம்மா என்னிடம் சொல்லியிருந்தாள். யாரிடமும் வாய்விடாதே என்று கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வாய் உளறவில்லை.

"ஒண்ணும் ஆகாதுடீ. நான் இருக்கேன்ல" என்றேன். நானும் சிரித்தேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, முறை என்னுடையதாக இருந்தும், மூன்றாம் பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாய். அடுத்த சனிக்கிழமை திருப்பித் தந்தபோது பின்கள் அப்படியே இருந்தன. "கடைசியை நான் வீட்டுக்கு வந்ததும் சேர்ந்து வாசிக்கலாம்" என்றாய். மூன்று வாரம் கழித்து நீ போய்விட்டாய்.

இன்று மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அந்தப் பின்களைப் பார்த்தேன். கோணலாக இருந்தன. நீ எப்போதும் அளவுகோல் வைத்தது போல நேராக அடிப்பாய். உற்றுப் பார்த்தால், பக்கத்திலேயே காலியாக ஆறு சிறு ஓட்டைகள், நேர்கோட்டில். யாரோ நர்ஸிடம் ஸ்டேப்ளர் வாங்கி, படுத்தபடியே மறுபடி அடித்திருக்கிறாய். நீ தனியாக வாசித்துவிட்டாய். முடிவை முந்திச் சொன்னதற்கு என்னோடு இரண்டு நாள் பேசாமலிருந்த நீ.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு, காத்திருக்க நேரமில்லை என்று தெரிந்தவள்தான் இப்படிச் செய்வாள் என்று தோன்றியது. நகத்தால் நெம்பினேன். துரு விரலில் ஒட்டியது.

முடிவு நான் சந்தேகப்பட்ட மாதிரியே சப்பென்று இருந்தது. கடல் வற்றுகிறது, அரசாங்கம் கவிழ்கிறது. பக்கம் பக்கமாகத் தேடினேன், உன் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு இடத்தில் படகோட்டி அவள் கையைப் பிடித்து, "ஒன்றும் ஆகாது. நான் இருக்கிறேன்" என்கிறான். அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அது நான் போடுகிற குறி. போட்டது உன் பென்சில்.

உனக்கு அவனை ஏன் பிடித்தது என்று இப்போதுதான் புரிகிறது. நம் வகுப்பே அந்தக் கதைகளைக் கையில் வைத்துக்கொண்டு திரிந்ததும் சட்டைக்காக மட்டும் இல்லை போலிருக்கிறது. ஊரே மறைக்கிற ஒன்றை நேருக்கு நேர் சொல்ல ஒருத்தன் அங்கே இருந்தான். உனக்கு இருந்தது நான்.

அந்தக் கேள்விக்குறியை அழிக்கவில்லை. பென்சிலை எடுத்து அதன் கீழே எழுதினேன்: "எனக்கு அப்பவே தெரியும்டீ. பொய்தான் சொன்னேன்."

பின் அடிக்காமல், அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே காயவைத்திருக்கிறேன். துருப்பிடித்த மூன்று பின்களும் என் ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கின்றன. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் கிலுங்குகின்றன.