சில்வர் பெயிண்டுக்கு அடியில்

29 ஏப்ரல் 2025

காலையில் வ. புதுப்பட்டி போனேன். இருளப்பசாமி அண்ணாச்சி மாந்தோப்பில் இருக்கும் குகைக்கு வாசல் கிணறு மாதிரி நேராக இறங்கும். மண் சரியாமலிருக்க சிமெண்ட் உறை இறக்கி, இரும்பு ஏணி மாட்டியது நானும் தங்கச்சி அசீனாவின் மாப்பிள்ளை ஹுமாயூனும்தான். சித்திரா பௌர்ணமிக்கு ஊர்ச்சனம் பிள்ளைகுட்டியோடு இறங்கி உள்ளே ஊற்றுத் தண்ணீர் பிடிக்கும்.

ஏணியைத் தாங்கும் கிளாம்பைச் சுரண்டினேன். வௌவால் எச்சமும் ஈரமும் அரித்து, அப்பளமாக நொறுங்குகிறது.

2 மே

ஹுமாயூனிடம் சொன்னேன். "ரெண்டு கோட் சில்வர் பெயிண்ட் அடிச்சா புதுசாயிரும் மச்சான். பௌர்ணமி முடியட்டும், பொறவு பாப்போம்." போன வருஷமும் இதே பேச்சு. பெயிண்ட் துருவை மறைக்கும். ஆளைத் தாங்குமா?

8 மே

சொன்னபடியே ஹுமாயூன் பெயிண்ட் அடித்துவிட்டான். பளபளவென்று நிற்கிறது. அண்ணாச்சியிடமும் சொல்லிப் பார்த்தேன். "மாமன் மச்சான் சண்டைய ஏந்தோப்புலயா வச்சுக்கிடணும்?" என்கிறார். பற்றிக்கொண்டு வந்தது.

11 மே

மோட்டார் ரூமில் கரண்ட் எடுத்து, ஏணியின் மேல் ஆறு படியை கிரைண்டரால் அறுத்து எடுத்துவிட்டேன். இனி எவனும் இறங்க முடியாது.

வேறு என்னதான் செய்ய?

12 மே

சனம் வெறுங்குடத்தோடு திரும்பியது. அத்தனை பேர் முன்னாலும் ஹுமாயூன் கத்தினான்: "பொறாமை புடிச்ச பய! ஏணி நல்லாத்தான இருந்துச்சு? யாராச்சும் விழுந்தாங்களா?"

விழவில்லை. அதனால் நான் பொய்யன். எவனாவது இடுப்பை ஒடித்துக்கொண்டிருந்தால் யோக்கியன் ஆகியிருப்பேன். நல்ல நியாயம்டா இது.

7 ஜூன், பக்ரீத்

அசீனா வரவில்லை. கொடுத்தனுப்பிய கறி திரும்பி வந்தது. "வாங்கக்கூடாதுன்னுட்டாக அண்ணே" என்று போனில் அழுதாள்.

20 ஜூலை

வத்திராயிருப்பு போகிற வழியில் தோப்புக்குள் நுழைந்தேன். புது ஏணி! துருப்பிடிக்காத கிளாம்ப், நான் சொன்ன இடத்திலேயே. குழிக்குக் கம்பிக் கதவு, பூட்டு. பெயிண்ட் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் ஹுமாயூன் வேலை. சொன்னது ஏறத்தான் செய்திருக்கிறது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன். கதவு திறந்துதான் கிடந்தது; ஆட்டிப் பார்க்கலாமென்று முதல் படியில் கால் வைத்தேன்.

ஹுமாயூன் அங்கேதான் நின்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காவலுக்கு இருந்த ஆளிடம் சொன்னான்:

"வெளியாள் யாரையும் இறங்க விடாதீங்க. ஆபத்து."

காலை எடுத்துக்கொண்டேன்.